கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மின்மறுப்புப் பொருத்தம்

கிட்டார் ஒலிபெருக்கிப் பெட்டிகளின் மின்மறுப்புப் பொருத்தம் என்பது, மின்கிட்டார் மிகைப்பி ஒன்றின் வெளியீடு எதிர்பார்க்கும் சுமைக்கு ஏற்றவாறு அதனுடன் சேரும் ஒலிபெருக்கிகளைத் தொடராகவோ, பக்கமாகவோ, இரண்டும் கலந்தோ கம்பியிட்டு இணைப்பதாகும். இச்சுமை ஓம் என்னும் அலகில் குறிக்கப்படுகிறது. கிட்டார்க் கருவிகளில் 2, 4, 8, 16 ஓம் ஆகிய மதிப்புகளே பெருவழக்காக உள்ளன. இணைப்பு பிழையானால் ஒலியின் அளவும் தன்மையும் மாறலாம். வெற்றிடக் குழல் மிகைப்பிகளில் வெளியீட்டு மின்மாற்றி எரிந்துபோகவும் கூடும். மிகைப்பியின் உறுப்புகளில் விலைமிக்கவற்றுள் இம்மின்மாற்றியும் ஒன்றாகும்.

தமிழில் ஒலிபெருக்கி என்ற சொல், மின்குறிப்பைப் பெருக்கும் கருவிக்கும் அதை ஒலியாக மாற்றும் கருவிக்கும் வேறுபாடின்றி வழங்கி வருகிறது. இக்கட்டுரையில் முன்னது மிகைப்பி என்றும், கூம்பும் காந்தமும் கொண்ட பின்னது ஒலிபெருக்கி என்றும் குறிக்கப்படுகின்றன.

== மின்மறுப்பும் மின்தடையும் ==

நேர் மின்னோட்டத்தை ஒரு கடத்தி எதிர்க்கும் அளவு மின்தடை எனப்படும். மாறுதிசை மின்னோட்டத்தில் மின்தடையோடு மின்தூண்டல், மின்தேக்கம் ஆகியவற்றின் விளைவுகளும் சேர்ந்து மொத்த எதிர்ப்பை உண்டாக்குகின்றன. இம்மொத்தமே மின்மறுப்பு ஆகும். இதற்குரிய ஆங்கிலச் சொல்லை 1886ஆம் ஆண்டில் ஆலிவர் எவிசைடு என்ற ஆங்கிலேய அறிவியலாளர் உருவாக்கினார். மின்தடை, மின்மறுப்பு இரண்டின் அலகும் ஓம் என்பதால் மாணவர்கள் இவற்றை ஒன்றெனக் கொள்வதுண்டு.

ஒலிபெருக்கியின் கூம்போடு ஒட்டப்பட்ட கம்பிச்சுருள் ஒரு காந்தத்தின் இடைவெளியில் அசைகிறது. சுருள் அசையும்போது அதிலேயே ஒரு பின் மின்னழுத்தம் தூண்டப்படுவதால், அதன் மின்மறுப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுகிறது. 8 ஓம் எனக் குறிக்கப்பட்ட ஒலிபெருக்கி எல்லா அதிர்வெண்களிலும் 8 ஓமாக இருப்பதில்லை. 12 அங்குலக் கிட்டார் ஒலிபெருக்கிகள் பலவற்றின் ஒத்ததிர்வு 75 முதல் 100 எர்ட்சுக்குள் அமைகிறது. அவ்விடத்தில் மின்மறுப்பு குறித்த மதிப்பைப் போலப் பல மடங்கு உயர்கிறது. கிட்டாரின் மிகத் தடித்த தந்தியின் அடிப்படை அதிர்வெண் ஏறத்தாழ 82 எர்ட்சு என்பதால் இவ்வுயர்வு இசைக்கப்படும் எல்லைக்குள்ளேயே விழுகிறது. பின்னர் மின்மறுப்பு இறங்கி, சில நூறு எர்ட்சு அளவில் அடிமட்டத்தைத் தொட்டு, சுருளின் மின்தூண்டல் காரணமாக உயர் அதிர்வெண்களில் மீண்டும் ஏறுகிறது.

எனவே ஒலிபெருக்கியின் பின்புறம் அச்சிடப்படும் எண் ஒரு பெயரளவு மதிப்பே. மின்மறுப்பின் மிகக் குறைந்த புள்ளி பெயரளவு மதிப்பின் 80 விழுக்காட்டுக்குக் கீழே செல்லலாகாது என்று பன்னாட்டு மின்தொழில்நுட்பத் தரம் கூறுகிறது. இதன்படி 8 ஓம் ஒலிபெருக்கி எந்த அதிர்வெண்ணிலும் 6.4 ஓமுக்குக் கீழ் இறங்கக் கூடாது. 1960களின் பிரித்தானிய ஒலிபெருக்கிகளில் 15 ஓம் என்ற குறிப்பு காணப்படும். இது நடைமுறையில் இன்றைய 16 ஓமுக்குச் சமமானதாகவே கொள்ளப்படுகிறது.

== இணைப்பு முறைகள் ==

தொடரிணைப்பில் முதல் ஒலிபெருக்கியின் எதிர்முனை இரண்டாவதன் நேர்முனையோடு இணைக்கப்படுகிறது. மின்னோட்டம் ஒன்றின் வழியே சென்ற பின்னரே மற்றொன்றை அடையும். மின்மறுப்புகள் கூட்டப்படுகின்றன. இரு 8 ஓம் ஒலிபெருக்கிகள் தொடரில் 16 ஓம் தரும்.

பக்க இணைப்பில் எல்லா நேர்முனைகளும் ஒன்றாகவும் எல்லா எதிர்முனைகளும் ஒன்றாகவும் இணைக்கப்படுகின்றன. இங்கு மின்மறுப்புகளின் தலைகீழிகள் கூட்டப்படுகின்றன.

1 ÷ மொத்தம் = (1 ÷ முதலாவது) + (1 ÷ இரண்டாவது) + ...

ஒரே மதிப்புள்ளவை எனில் கணக்கு எளிது. ஒன்றின் மதிப்பை எண்ணிக்கையால் வகுத்தால் போதும். இரு 8 ஓம் பக்க இணைப்பில் 4 ஓம், நான்கு 8 ஓம் பக்க இணைப்பில் 2 ஓம். மூன்று 8 ஓம் ஒலிபெருக்கிகள் பக்க இணைப்பில் ஏறத்தாழ 2.67 ஓம் ஆகும். 1950களில் மூன்று 10 அங்குல ஒலிபெருக்கிகளுடன் வந்த ஃபெண்டர் பேண்ட்மாஸ்டர் இத்தகையது. வழக்கமான மதிப்புகளுள் எதிலும் அடங்காத இவ்வெண்ணால், அதற்கு மாற்றுப் பெட்டி தேடுவோர் இன்றும் இடர்ப்படுவதுண்டு. ஒன்று, இரண்டு, நான்கு என ஒலிபெருக்கிகளை அடுக்கும் வழக்கம் நிலைபெற்றதற்கு இக்கணக்கின் வசதியும் ஒரு காரணமாகும்.

நான்கு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் கலப்பிணைப்பு பயன்படுகிறது. இதில் இவ்விரண்டாகத் தொடரில் சேர்த்த இரு இணைகள் பக்கமாக இணைக்கப்படும். நான்கு 16 ஓம் ஒலிபெருக்கிகளை எடுத்துக்கொண்டால், ஒவ்வோர் இணையும் 32 ஓம்; இரு 32 ஓம் பக்கமாகச் சேர மீண்டும் 16 ஓம். தனி ஒலிபெருக்கியின் மதிப்பே பெட்டியின் மதிப்பாகவும் அமைவது இம்முறையின் சிறப்பு. கம்பியிடும்போது செருகியின் நுனியிலிருந்து வரும் நேர்க் கம்பி 1ஆம், 3ஆம் ஒலிபெருக்கிகளின் நேர்முனைகளுக்குச் செல்கிறது. 1இன் எதிர்முனை 2இன் நேர்முனைக்கும், 3இன் எதிர்முனை 4இன் நேர்முனைக்கும் செல்கின்றன. 2, 4 ஆகியவற்றின் எதிர்முனைகள் செருகியின் உறைப்பகுதிக்குத் திரும்புகின்றன.

இதற்கு மாற்றாக, முதலில் இவ்விரண்டைப் பக்கமாக இணைத்துப் பின்னர் அவ்விணைகளைத் தொடரில் சேர்க்கலாம். நான்கும் ஒத்தவையாயின் இரு முறைகளும் ஒரே மொத்த மதிப்பைத் தரும். முதல் முறையில் இரு இணைகளின் நடுப்புள்ளிகளை ஒரு கம்பியால் இணைத்தால் அது இரண்டாம் முறையாக மாறிவிடும். நான்கு ஒலிபெருக்கிகளும் முற்றிலும் ஒத்திருக்கும் வரை அக்கம்பியில் மின்னோட்டமே பாய்வதில்லை. வேறுபாடு ஓர் ஒலிபெருக்கி பழுதாகும்போதுதான் தெரியவரும் (கீழே காண்க).

=== சமமற்ற ஒலிபெருக்கிகள் ===

வெவ்வேறு மின்மறுப்புள்ள ஒலிபெருக்கிகளைச் சேர்க்கும்போது மொத்த மதிப்பை மட்டும் பார்த்தால் போதாது. திறன் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதையும் பார்க்கவேண்டும். 8 ஓம், 16 ஓம் ஆகிய இரண்டைப் பக்கமாக இணைத்தால் மொத்தம் ஏறத்தாழ 5.3 ஓம். இரண்டின் மீதும் ஒரே மின்னழுத்தம் விழுவதால், 8 ஓம் ஒலிபெருக்கி மூன்றில் இரு பங்கு திறனைப் பெறும். மிகைப்பி 60 வாட்டு தந்தால் 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 40 வாட்டும் மற்றதற்கு 20 வாட்டும் செல்லும். முதலாவது 25 வாட்டு மட்டுமே தாங்குவதாயின், இரண்டின் தாங்குதிறனும் கூட்டினால் போதுமானதாகத் தோன்றினும், அது எரிந்துபோகும். அதே இரண்டையும் தொடரில் இணைத்தால் மின்னோட்டம் பொதுவாகிப் பங்கீடு தலைகீழாகிறது. 16 ஓம் ஒலிபெருக்கியே மிகுதியைப் பெறும்.

== வெற்றிடக் குழல் மிகைப்பியும் வெளியீட்டு மின்மாற்றியும் ==

வானொலித் தொழிலாளர் வால்வு என்று குறிப்பிடும் வெற்றிடக் குழல்கள் நூற்றுக்கணக்கான வோல்ட்டு மின்னழுத்தத்தில் சிறிய மின்னோட்டத்தைக் கையாள்பவை. ஒலிபெருக்கிக்கோ குறைந்த மின்னழுத்தமும் பெரிய மின்னோட்டமும் தேவை. இவற்றுக்கு இடையே நிற்பது வெளியீட்டு மின்மாற்றி. அதன் முதன்மைச் சுருளில் பல சுற்றுகளும் துணைச் சுருளில் சில சுற்றுகளும் உள்ளன.

மின்மாற்றிக்கெனத் தனியாக மின்மறுப்பு எதுவும் இல்லை என்பது இங்கு முதலில் தெளிய வேண்டியது. அது ஒரு பக்கத்தில் உள்ள சுமையை மறுபக்கத்தில் பெருக்கிக் காட்டுகிறது. பெருக்கும் அளவு சுற்று விகிதத்தின் இருமடிக்குச் சமம். குழல்களுக்கு 6400 ஓம் சுமை தேவை, ஒலிபெருக்கி 8 ஓம் எனில் வேண்டிய மின்மறுப்பு விகிதம் 800. சுற்று விகிதம் அதன் வர்க்கமூலமாகிய 28.3. இம்மின்மாற்றியின் 8 ஓம் முனையில் 16 ஓம் பெட்டியைச் செருகினால் குழல்கள் 12,800 ஓமைக் காணும். 4 ஓம் பெட்டியைச் செருகினால் 3200 ஓமைக் காணும். பெட்டியின் பின்னால் செய்யப்படும் ஒரு சிறு மாற்றம் குழல்களின் இயக்கத்தையே மாற்றிவிடுவது இவ்வழியில்தான்.

பல மிகைப்பிகளில் 4, 8, 16 ஓம் எனத் தெரிவுசெய்யும் திருகி இருக்கும். இது துணைச் சுருளின் வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்ட முனைகளுள் ஒன்றைத் தேர்கிறது. மேற்கூறிய மின்மாற்றியின் முதன்மைச் சுருளில் 2000 சுற்றுகள் இருப்பதாகக் கொண்டால், 16 ஓம் முனைக்கு 100 சுற்றுகளும், 8 ஓம் முனைக்கு ஏறத்தாழ 71 சுற்றுகளும், 4 ஓம் முனைக்கு 50 சுற்றுகளும் அமையும். 4 ஓம் முனை துணைச் சுருளின் சரிபாதியில் இருப்பதும், 8 ஓம் முனை பாதிக்கு மேலே தள்ளி இருப்பதும் இருமடி விதியின் விளைவு.

=== சுமையே இல்லாத நிலை ===

வெற்றிடக் குழல் மிகைப்பியை ஒலிபெருக்கி இன்றி இயக்குவதே எல்லாவற்றினும் தீங்கானது. துணைச் சுருள் திறந்திருக்கும்போது மின்மாற்றியில் சேர்ந்த ஆற்றல் வெளியேற வழியின்றி, முதன்மைச் சுருளில் வழக்கத்தைவிட மிக உயர்ந்த மின்னழுத்தத் துடிப்புகளாக எழும்புகிறது. இவை குழல் பொருந்தும் தாங்கியின் ஊசிகளுக்கிடையே தீப்பொறியாகப் பாயலாம். மின்மாற்றிச் சுருளின் காப்புறையைத் துளைக்கலாம். துளைக்கப்பட்ட மின்மாற்றியை மாற்றுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இல்லை. ஒலியளவைச் சுழியத்தில் வைத்திருந்தால் தீங்கு நேர்வது அரிது. எனினும் தவறுதலாக ஒரு தந்தி மீட்டப்பட்டாலோ செருகி தொடப்பட்டாலோ அப்பாதுகாப்பு போய்விடும்.

ஃபெண்டர் நிறுவனம் தன் மிகைப்பிகள் பலவற்றில் இதற்கொரு எளிய தீர்வைக் கையாண்டது. முதன்மை ஒலிபெருக்கித் துளையில் எதுவும் செருகப்படாதபோது, அத்துளையில் உள்ள தொடுப்பு துணைச் சுருளைக் குறுக்கிணைத்துவிடும். குழல் மிகைப்பி திறந்த சுற்றைவிடக் குறுக்குச் சுற்றைச் சிறிது நேரம் நன்றாகவே தாங்கும் என்பதே இதன் அடிப்படை. இதனால் ஒரு பக்கவிளைவும் உண்டு. முதன்மைத் துளையை விட்டுவிட்டு, கூடுதல் ஒலிபெருக்கிக்கான துளையில் மட்டும் பெட்டியைச் செருகுவோர் ஒலியே கேளாமல் மிகைப்பி பழுதெனக் கருதுவதுண்டு.

=== இருமடங்கு வேறுபாடு ===

8 ஓம் முனையில் 4 அல்லது 16 ஓம் பெட்டியைச் செருகுவது போன்ற இருமடங்கு வேறுபாட்டை உறுதியாகக் கட்டப்பட்ட குழல் மிகைப்பிகள் பெரும்பாலும் தாங்குகின்றன. எந்தப் பக்கம் பாதுகாப்பானது என்பதில் தொழில்நுட்பர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. சுமை குறைந்தால் குழல்களின் மின்னோட்டமும் வெப்பமும் கூடி அவற்றின் ஆயுள் குறையும். சுமை மிகுந்தால் மின்னழுத்த அலைவு கூடி, திரைவலையின் மின்னோட்டமும் மின்மாற்றியின் மீதான அழுத்தமும் உயரும். குழல்கள் எளிதில் மாற்றத்தக்கவை, மின்மாற்றி அவ்வாறன்று. ஆகவே தவிர்க்க இயலாத நிலையில் குறைந்த மின்மறுப்பின் பக்கம் பிழைப்பதே மேல் என்பது பலரது முடிவு. இரண்டு நிலைகளிலும் வெளியீட்டுத் திறன் சிறிது குறைகிறது. நான்கு மடங்கு வேறுபாட்டை எவரும் பரிந்துரைப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட மிகைப்பியைப் பற்றிய ஐயத்தில் அதன் கையேடு கூறுவதே முடிவானது.

== டிரான்சிஸ்டர் மிகைப்பிகள் ==

டிரான்சிஸ்டர் மிகைப்பிகளில் பொதுவாக வெளியீட்டு மின்மாற்றி இல்லை. இவை ஏறத்தாழ நிலையான மின்னழுத்த மூலங்களைப் போல இயங்குகின்றன. 4 ஓமில் 100 வாட்டு தரும் மிகைப்பி 20 வோல்ட்டும் 5 ஆம்பியரும் வழங்குகிறது. அதே 20 வோல்ட்டில் 8 ஓம் சுமை 50 வாட்டையும் 16 ஓம் சுமை 25 வாட்டையும் மட்டுமே எடுத்துக்கொள்ளும். 2 ஓம் சுமையோ 10 ஆம்பியரைக் கேட்கும். அதை வழங்க முயலும் டிரான்சிஸ்டர்கள் சூடேறி அழியும். காப்புச் சுற்று இருந்தால் மிகைப்பி தானே நின்றுவிடும்.

எனவே டிரான்சிஸ்டர் மிகைப்பிக்கு விதி ஒன்றே: பின்பலகையில் குறித்துள்ள குறைந்த மதிப்புக்குக் கீழே செல்லலாகாது. அதற்கு மேலே எந்த மதிப்பும் தீங்கற்றது. ஒலிபெருக்கி இல்லாமலும் இயக்கலாம். ஆனால் குறுக்குச் சுற்று இவற்றுக்குக் கொடியது. இவ்வகையில் டிரான்சிஸ்டர் மிகைப்பியும் குழல் மிகைப்பியும் நேரெதிர் இயல்புடையவை. ஒன்றில் பழகியவர் மற்றொன்றைக் கையாளும்போது நேரும் இழப்புகளுக்கு இதுவே காரணம்.

திறன் பாதியாகக் குறைவதால் ஒலி பாதியாகக் குறைவதில்லை. அது 3 டெசிபெல் வேறுபாடே. காதுக்குத் தெரியும் எனினும் சிறியது. ஆகவே 4 ஓம் மிகைப்பிக்கு 8 ஓம் பெட்டியைப் பயன்படுத்துவோர் பெரிதாக எதையும் இழப்பதில்லை.

== பெருமத் திறன் மாற்றத் தேற்றத்தோடு குழப்பம் ==

மூலத்தின் உள்மின்தடையும் சுமையின் மின்தடையும் சமமாகும்போது சுமைக்குப் பெருமத் திறன் சேரும் என்பது இயற்பியல் மாணவர் அறிந்த தேற்றம். மின்மறுப்புப் பொருத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் இதுவே நினைவுக்கு வருவது இயல்பு. ஆயினும் கிட்டார் மிகைப்பிகளில் நடப்பது அதுவன்று. டிரான்சிஸ்டர் மிகைப்பியின் உள்மின்மறுப்பு ஓமின் சிறு பின்னம் மட்டுமே. அதற்குச் சமமான ஒலிபெருக்கியை இணைத்தால் மிகைப்பி அழியும். குழல் மிகைப்பியிலோ, பின்னூட்டம் இல்லாத நிலையில், உள்மின்மறுப்பு சுமையைவிடப் பெரும்பாலும் மிக உயர்ந்தது. பெட்டித் துளையின் அருகே எழுதப்பட்டுள்ள 8 ஓம் என்ற எண் மிகைப்பியின் உள்மின்மறுப்பைக் குறிப்பதில்லை. அது, எந்தச் சுமைக்காக மிகைப்பி வடிவமைக்கப்பட்டதோ அந்தச் சுமையைக் குறிக்கிறது.

== வரலாற்றில் சில அமைப்புகள் ==

அமெரிக்காவின் ஃபெண்டர் நிறுவனம் பக்க இணைப்பையே பெரிதும் விரும்பியது. 1950களின் இறுதியில் வெளிவந்த 5எஃப்6-ஏ வகை பாஸ்மேன் மிகைப்பியில் நான்கு 8 ஓம், 10 அங்குல ஒலிபெருக்கிகள் பக்கமாக இணைக்கப்பட்டு 2 ஓம் ஆயின. மின்மாற்றியும் 2 ஓமுக்கே அமைக்கப்பட்டது. 1960களில் வந்த சூப்பர் ரிவெர்ப் மிகைப்பியும் இவ்வாறே 2 ஓம். ட்வின் ரிவெர்ப் மிகைப்பியில் இரு 12 அங்குல 8 ஓம் ஒலிபெருக்கிகள் சேர்ந்து 4 ஓம். ஒற்றை ஒலிபெருக்கி கொண்ட டீலக்ஸ் ரிவெர்ப் 8 ஓம். ஒரு மிகைப்பிக்கு ஒரே மதிப்பு என்பது இவர்கள் முறை. தெரிவுத் திருகி இல்லை.

இலண்டனின் மேற்குப் பகுதியான ஆன்வெல்லில் இசைக்கருவிக் கடை நடத்திய சிம் மார்ஷல், கென் பிரான், டட்லி கிரேவன் ஆகியோருடன் 1962 முதல் உருவாக்கிய ஜேடிஎம்45 மிகைப்பி, மேற்கூறிய பாஸ்மேனின் மின்சுற்றைப் பெரிதும் பின்பற்றியது. ஒலிபெருக்கி அமைப்பில் மட்டும் அது வேறு வழியில் சென்றது. மிகைப்பி தனிப்பெட்டியாகவும், நான்கு 12 அங்குல செலஸ்டியன் ஒலிபெருக்கிகள் பின்புறம் மூடிய மற்றொரு பெட்டியாகவும் பிரிக்கப்பட்டன. கலப்பிணைப்பில் 16 ஓம் தரும் இப்பெட்டி ராக் இசையின் அடையாளங்களுள் ஒன்றானது. இரு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலே மிகைப்பியை வைக்கும் முறையில், இரு 16 ஓம் பெட்டிகளும் பக்கமாக இணைந்து 8 ஓம் ஆகும். அப்போது தெரிவுத் திருகியை 8 ஓமுக்கு மாற்றவேண்டும். இதை மறப்பது மேடைகளில் பரவலாக நேரும் பிழை.

மார்ஷலின் 1960 வரிசைப் பெட்டிகளின் பிற்கால வடிவங்களில் 4, 16 ஓம் ஒற்றை இணைப்பும், 8 ஓம் இரட்டை இணைப்பும் தரும் ஆளி உள்ளது. உள்ளே இருப்பவை நான்கு 16 ஓம் ஒலிபெருக்கிகள். இவ்விரண்டு பக்கமாக இணைந்து இரு 8 ஓம் இணைகளாகின்றன. அவ்விணைகள் பக்கமாகச் சேர்ந்தால் 4 ஓம், தொடராகச் சேர்ந்தால் 16 ஓம். இரட்டை நிலையில் ஒரே மிகைப்பியை ஒரு துளையில் மட்டும் செருகினால் இரு ஒலிபெருக்கிகளே ஒலிக்கும். மிகைப்பி இயங்கும்போது இத்தகைய ஆளிகளை மாற்றுவது நன்றன்று; மாறும் நொடியில் சுற்று திறந்துவிடக்கூடும்.

தாழ்சுரக் கிட்டாருக்கென 1969இல் வெளிவந்த ஆம்பெக் எஸ்விடி மிகைப்பிக்கான எட்டு ஒலிபெருக்கிப் பெட்டி வேறொரு வழியைக் காட்டுகிறது. இவ்வகைப் பெட்டிகளில் 32 ஓம் மதிப்புள்ள 10 அங்குல ஒலிபெருக்கிகள் எட்டும் பக்கமாகவே இணைக்கப்பட்டு 4 ஓம் பெறப்படுகிறது. எட்டில் ஒன்று பழுதானாலும் சுமை 4.6 ஓமாக மட்டுமே மாறும்.

== ஓர் ஒலிபெருக்கி பழுதானால் ==

ஒலிபெருக்கியின் சுருள் எரிந்தால் பெரும்பாலும் சுற்று திறந்துவிடுகிறது. இரண்டு மட்டுமே தொடரில் உள்ள பெட்டியில் இது முழுமையான திறந்த சுற்றாகும். ஒலி அற்றுப்போவதோடு, குழல் மிகைப்பியாயின் மேற்கூறிய மின்னழுத்தத் துடிப்புகளும் எழும். பக்க இணைப்பில் எஞ்சியது தொடர்ந்து ஒலிக்கும், சுமை இருமடங்காகும்.

நான்கு 16 ஓம் கொண்ட பெட்டியில், தொடர் இணைகளைப் பக்கமாகச் சேர்த்திருந்தால் ஒன்று போனதும் அதன் இணையும் ஊமையாகும்; மற்ற இணையின் 32 ஓம் மட்டும் எஞ்சும். பக்க இணைகளைத் தொடராகச் சேர்த்திருந்தால் மூன்று ஒலிபெருக்கிகள் ஒலிக்கும்; சுமை 16 + 8 = 24 ஓம். மிகைப்பியைப் பொறுத்தவரை இது மேலானது. ஆனால் தனித்து நிற்கும் ஒலிபெருக்கியின் நிலை இரங்கத்தக்கது. மிகைப்பி 60 வாட்டு தந்தால் முன்பு ஒவ்வொன்றும் 15 வாட்டு பெற்றது. இப்போது அது ஒன்றே 40 வாட்டும், மற்ற இரண்டும் பத்துப் பத்து வாட்டும் பெறும். அதுவும் விரைவில் எரியக்கூடும். ஆகவே பெட்டியின் ஒலி திடீரென மெலிந்தால் இசைப்பதை உடனே நிறுத்துவதே முறை.

== தாங்குதிறன் ==

ஒத்த ஒலிபெருக்கிகளின் தாங்குதிறன்கள் எந்த இணைப்பாயினும் கூட்டப்படும். நான்கு 25 வாட்டு ஒலிபெருக்கிகள் சேர்ந்து 100 வாட்டு தாங்கும். எனினும் குழல் மிகைப்பியின் திறன் சிதைவற்ற ஒலிக்கே குறிக்கப்படுகிறது. கிட்டார் இசைஞர் வேண்டுமென்றே சிதைக்கும்போது 100 வாட்டு மிகைப்பி அதற்கு மேலும் வெளியிடும். செலஸ்டியன் நிறுவனத்தின் 25 வாட்டு கிரீன்பேக் ஒலிபெருக்கிகள் கொண்ட ஒரே பெட்டியை 100 வாட்டு மிகைப்பியுடன் முழு ஒலியில் இயக்குவது இடர் மிக்கது.

== முனைகளின் ஒருமை ==

எல்லாக் கூம்புகளும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் அசையவேண்டும். ஒன்றின் முனைகள் மாறியிருந்தால் மின்மறுப்பு மாறாது, எதுவும் எரியாது. ஆனால் ஒரு கூம்பு தள்ளும் காற்றை மற்றது இழுப்பதால் தாழ்சுரங்கள் மறைந்து ஒலி வறண்டிருக்கும். இதைச் சோதிக்க 1.5 வோல்ட்டு மின்கலத்தைப் பெட்டியின் செருகியில் ஒரு நொடி தொட்டால் போதும். நேர்முனை நுனியைத் தொடும்போது எல்லாக் கூம்புகளும் முன்னோக்கி அசையவேண்டும். பழைய ஜேபிஎல் ஒலிபெருக்கிகளில் குறிப்பு தலைகீழாக உள்ளது. சிவப்பு முனையில் நேர்மின் கொடுத்தால் கூம்பு உட்செல்லும். அவற்றைப் பிறவற்றோடு கலப்போர் வண்ணத்தை நம்பாமல் மின்கலத்தை நம்பவேண்டும்.

== கம்பிகள் ==

கிட்டாரை மிகைப்பியோடு இணைக்கும் கம்பியும் மிகைப்பியைப் பெட்டியோடு இணைக்கும் கம்பியும் ஒரே 6.35 மில்லிமீட்டர் செருகியைக் கொண்டிருப்பதால் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும். முன்னதன் நடுவே மெல்லிய கடத்தி ஒன்றும் அதைச் சுற்றிக் காப்பு வலையும் மட்டுமே உள்ளன. 5 மீட்டர் நீளமுள்ள அத்தகைய கம்பியின் மின்தடை அரை ஓமை எட்டலாம். 4 ஓம் பெட்டிக்குச் செல்லும் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கம்பியிலேயே வெப்பமாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பி இரண்டு கொண்ட ஒலிபெருக்கிக் கம்பியில் அதே நீளத்துக்கு இழப்பு மூன்று விழுக்காடு அளவே. 16 ஓம் பெட்டியில் மின்னோட்டம் பாதியாவதால் இழப்பு இன்னும் குறையும். மெல்லிய கம்பி எரிந்து அறுந்தால் விளைவது மீண்டும் அதே திறந்த சுற்று.

பெட்டிகளில் உள்ள இரண்டாவது துளை பெரும்பாலும் பக்க இணைப்பிலேயே உள்ளது. ஒரு பெட்டியிலிருந்து அடுத்ததற்குக் கம்பி இழுத்தாலும், மிகைப்பியின் இரு துளைகளிலிருந்து தனித்தனியே இழுத்தாலும் கணக்கு ஒன்றே. 8 ஓம் பெட்டிகள் இரண்டு 4 ஓமாகும்.

== அளந்து அறிதல் ==

குறிப்பு அழிந்துபோன பெட்டியின் மதிப்பை மல்டிமீட்டர் கொண்டு ஊகிக்கலாம். கருவி காட்டுவது நேர்மின்தடை மட்டுமே. அது பெயரளவு மின்மறுப்பைவிடக் குறைவாக இருக்கும். 3 முதல் 3.5 ஓம் வரை காட்டினால் 4 ஓம் பெட்டி, 6 முதல் 7 வரை காட்டினால் 8 ஓம் பெட்டி, 12 முதல் 13 வரை காட்டினால் 16 ஓம் பெட்டி எனக் கொள்ளலாம். 16 ஓம் எனக் குறித்த பெட்டி 25 ஓம் காட்டினால் ஓர் இணை அறுந்துள்ளது என்பது பொருள். அளக்கும்போது மிகைப்பியிலிருந்து கம்பியைக் கழற்றிவிட வேண்டும்.

பெட்டியின் உள்ளே உள்ள மின்னழுத்தம் பெரிதன்று. 16 ஓமில் 100 வாட்டு என்பது 40 வோல்ட்டு. மிகைப்பியின் உட்புறம் அவ்வாறன்று. குழல் மிகைப்பிகளில் 400 முதல் 500 வோல்ட்டு வரை நேர் மின்னழுத்தம் உண்டு. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் மின்தேக்கிகளில் அது தங்கியிருந்து உயிருக்கு ஊறு செய்யக்கூடும். பெட்டியில் கம்பியிடக் கற்றவர் அதே துணிவில் மிகைப்பியைத் திறப்பது தகாது.

== ஒலித்தன்மை பற்றிய கருத்துகள் ==

உள்மின்மறுப்பு உயர்ந்த மிகைப்பி, ஒலிபெருக்கியின் மின்மறுப்பு எழும்பும் அதிர்வெண்களில் மிகுந்த மின்னழுத்தத்தைத் தருகிறது. எனவே தாழ்சுர ஒத்ததிர்வும் உயர் அதிர்வெண்களும் எடுப்பாக ஒலிக்கின்றன. எதிர்ப் பின்னூட்டம் இல்லாத வாக்ஸ் ஏசி30 மிகைப்பியின் தனித்தன்மையில் இதற்கும் பங்குண்டு. குழல் மிகைப்பியின் ஒலியை மின்தடைகள் மட்டுமே கொண்ட செயற்கைச் சுமையில் பதிவுசெய்தால் உயிரற்றுத் தோன்றுவதும் இதனாலேயே. பிற்காலச் சுமைப்பெட்டிகள் பல, சுருளும் மின்தேக்கியும் சேர்த்து ஒலிபெருக்கியின் மின்மறுப்பு வளைவைப் போலச் செய்ய முயல்கின்றன.

தொடரிணைப்பு ஒருவகையாகவும் பக்க இணைப்பு வேறுவகையாகவும் ஒலிக்கும் என்றும், 16 ஓம் ஒலிபெருக்கி 8 ஓமைவிட இனியது என்றும் இசைஞர் பலர் கூறுவர். ஒரே மாதிரியின் 8 ஓம், 16 ஓம் வடிவங்களில் சுருள் கம்பியின் தடிமனும் சுற்றுகளின் எண்ணிக்கையும் வேறுபடுவதால் நுண்ணிய வேறுபாடு இருக்க இயலும். ஆனால் பெட்டியின் இணைப்பை மாற்றும்போது மின்மாற்றியின் முனையும் உடன் மாறுகிறது; கேட்கும் வேறுபாடு எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம். ஒத்த ஒலிபெருக்கிகளைக் கொண்டு, மின்மறுப்பும் சரியாகப் பொருந்தியிருக்கையில், இவ்வேறுபாடு பெட்டியை அறையின் மூலையிலிருந்து சிறிது நகர்த்துவதால் வரும் வேறுபாட்டைவிடச் சிறியதாகவே இருக்கும்.